அடுத்த மாநாட்டுக்கு ஒரு தேங்காய்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயன்பாட்டுக் கணித மாநாடுகளும் பயிலரங்குகளும் நடத்தும் துறைத்தலைவர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் நடந்த இரண்டு நாள் சர்வதேச மாநாட்டில் எனக்குச் சிறந்த கட்டுரைக்கான பரிசு கொடுத்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் குற்றவாளி நான்தான்.

கட்டுரை எக்ஸ்ரே டோமோகிராபி பற்றியது, அதாவது பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே அளவுகளிலிருந்து உட்புறத்தின் படத்தைக் கட்டுவது. ஷெப்-லோகன் படம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மண்டையோட்டின் குறுக்குவெட்டு மாதிரி ஒரு பெரிய முட்டை, அதற்குள் சின்னச் சின்ன முட்டைகள். 1974லிருந்து இந்தத் துறையில் அதுதான் பிள்ளையார் சுழி. அந்தப் படத்தின் ஊடாக எக்ஸ்ரே போனால் என்ன அளவு பதிவாகும் என்று கணினியில் கணக்கிட்டேன். பிறகு அந்த அளவுகளிலிருந்து படத்தைத் திரும்பக் கட்டினேன். அச்சு அசலாக வந்தது. ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், எது அசல் எது நகல் என்று எனக்கே தெரியவில்லை. கைதட்டினார்கள்.

எனக்கு ஒதுக்கியது 8 நிமிஷம். அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவி எழுந்தாள்.

"சார், இந்த அளவெல்லாம் எந்த மெஷின்ல எடுத்தது?"

"மெஷின் இல்லம்மா, கம்ப்யூட்டர்லயே உருவாக்கினது."

"அந்தப் படத்துலேர்ந்தா?"

"ஆமா."

"அப்ப அதே படம்தானே சார் திரும்ப வரும்?"

அரங்கம் சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது, என்னைப் பார்த்து இல்லை. "நல்ல கேள்வி, டீ பிரேக்கில் பேசிக்கொள்ளலாம்" என்று தலைவர் முடித்துவைத்தார். டீ பிரேக்கில் நான் வடை வரிசையில் போய் நின்றுகொண்டேன். சாயங்காலம் பரிசு. அவளை அப்புறம் பார்க்கவில்லை.

அவள் கேட்டதற்கு இந்தத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. கோல்ட்டன், கிரெஸ் இருவரும் எழுதிய பாடநூலிலிருந்து பரவிய சொல். தமிழில் சொன்னால் 'நேர்மாறுக் குற்றம்'. எந்த அணியை (மேட்ரிக்ஸ், எண்களின் அடுக்கு) வைத்து அளவுகளை உண்டாக்கினோமோ, அதே அணியை வைத்து, படத்தை அதே கட்டங்களாகப் பிரித்து, துளி இரைச்சல்கூட (அளவில் தற்செயலாகச் சேரும் பிசகு) சேர்க்காமல் விடையைத் தேடுவது. நாமே பூட்டிய பூட்டை நம் பையிலிருக்கும் சாவியால் திறந்துவிட்டு, பூட்டு திறக்கும் வித்தை என்று காட்டுவது மாதிரி. அன்றைக்கு நான் செய்தது அதைத்தான். அந்த இரண்டு நாளில் என்னைத் தவிர வேறு சிலரும் செய்தார்கள். பரிசு எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் அந்த மாணவியின் கேள்வியைப் பற்றியது. அவள் கேட்ட மெஷினை நம் மாநாடுகளுக்குள் எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

கணிதம் படிக்காத யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. நேர்மாறுக் கணக்கு என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது நேர்மாறுக் கணக்கு. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பதும் அதுதான். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது, வெளியே கிடைக்கும் அறிகுறியிலிருந்து உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும். நிலநடுக்க அலையிலிருந்து பூமியின் உட்புறம், எக்ஸ்ரேயிலிருந்து நுரையீரல், எதிரொலியிலிருந்து எண்ணெய்ப் படுகை, எல்லாம் இந்த வகை. சிக்கல் என்னவென்றால் பல கணக்குகளில் அறிகுறி கடுகளவு மாறினால் விடை மலையளவு மாறிவிடும். இரண்டு எண்கள். கூட்டினால் 2. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் 1.0001 மடங்கைக் கூட்டினால் 2.0001. விடை: இரண்டுமே 1. சரி, அளந்த கருவி 2.0001க்குப் பதிலாக 2.0002 என்று காட்டிவிட்டது என்று வையுங்கள். இப்போது முதல் எண் 0, இரண்டாவது 2. நான்காவது தசமத்தில் ஒரு இலக்கம் பிசகியது, ஒரு எண் காணாமலே போய்விட்டது. ஸ்கேனில் அந்த எண் ஒரு கட்டியாக இருந்தால்?

இப்படி நிலைகொள்ளாத கணக்கைச் சரியாக அமைந்த கணக்கு என்று சொல்ல முடியாது என்று பிரெஞ்சுக் கணிதர் அடமார் 1902லேயே வரையறுத்துவிட்டார். 1963ல் ரஷ்யக் கணிதர் திகோனவ் வழி சொன்னார். விடை கொஞ்சம் அடக்க ஒடுக்கமாக இருக்கட்டும் என்று கணக்கிலேயே ஒரு நிபந்தனை போடு என்பது அதன் சாரம். ஆக, இந்தத் துறையின் உயிரே இரைச்சலும் பிசகும்தான். அவை இல்லாத தரவில் காட்டும் வெற்றி நீச்சல் தெரியுமா என்று பாயில் படுத்து சோதித்துப் பார்ப்பது மாதிரி. நான் அதற்குத்தான் கேடயம் வாங்கினேன்.

இப்போது நம் மாநாடுகளுக்கு வருகிறேன்.

குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர் வெளியீடு. ரிசோர்ஸ் பர்சன் பேச ஆரம்பிக்கும்போது மணி பதினொன்றரை. ஜூமில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர், 'சர்வதேச' என்ற சொல்லுக்கு அவர்தான் பொறுப்பு. மதியம் நான்கு அறைகளில் ஒரே நேரத்தில் கட்டுரை வாசிப்பு. கிராஃப் தியரிக்குப் பக்கத்தில் ஃபஸி, ஃபஸிக்குப் பக்கத்தில் நேர்மாறுக் கணக்கு, ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது, புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டு) கோப்புக்காக ஜியோடேக் போட்டோ. ஃபீட்பேக் படிவத்தில் எல்லோரும் 'எக்சலன்ட்'. சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓட்டம்.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் இரண்டு முறை இப்படி நடத்தியிருக்கிறேன். பஸ் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அலைந்து, கடைசி நேரத்தில் புரொஜெக்டர் மக்கர் பண்ணி, நடத்துகிறவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நடத்தி முடித்து ஒரு மாதம் கழித்து என்ன மிஞ்சுகிறது? ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஒரு ப்ரொசீடிங்ஸ் (மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு), எச்.ஓ.டி. அறை பீரோவில். அதைத் தேடி வருகிற ஒரே ஆள் கரப்பான்.

ப்ரொசீடிங்ஸ் என்றாலே இளக்காரம் என்று சொல்லவில்லை. இந்தத் துறையின் மிகப் பெரிய கேள்வி ஒன்று வந்ததே ஒரு கருத்தரங்கத் தொகுப்பில்தான். ஆல்பெர்ட்டோ கால்தெரோன் இளைஞராக அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். தரைக்கு மேலே மின்சாரத்தைச் செலுத்தி, தரைக்கு மேலேயே மின்னழுத்தத்தை அளந்து, அடியில் எந்த இடத்தில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது அப்போது மனதில் விழுந்த கேள்வி. வேலையை விட்டு உலகப் புகழ்பெற்ற கணிதர் ஆனார். கேள்வியை மட்டும் விடவில்லை. 1980ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஒரு கருத்தரங்கின் தொகுப்பில் அதை எழுதினார். பத்துப் பக்கம்கூட இல்லை. முழு விடையும் அதில் இல்லை. ஏழு வருஷம் கழித்து சில்வெஸ்டரும் ஊல்மானும் மூன்று பரிமாணத்துக்கும் அதற்கு மேலும் விடை கண்டார்கள், இரு பரிமாணத்துக்கு இன்னும் ஒன்பது வருஷம் ஆயிற்று. இன்றைக்கு இந்தத் துறையில் பாதிப் பேர் அந்தப் பத்துப் பக்கத்தின் பேரப்பிள்ளைகள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆலன் கோர்மாக் கேப் டவுனில் மருத்துவமனையில் பகுதிநேரமாக வேலை பார்த்தபோது, எக்ஸ்ரே அளவுகளிலிருந்து உடலின் உட்புறத்தைக் கணக்கிடும் வழியை யோசித்தார். 1963லும் 1964லும் ஒரு இயற்பியல் இதழில் வெளியிட்டார். கிட்டத்தட்ட யாரும் சீந்தவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது என்று நோபல் உரையில் அவரே சொல்கிறார். இன்னொரு வேடிக்கை, அவர் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கை ஜோகன் ராடான் 1917லேயே தீர்த்துவிட்டிருந்தார், ஜெர்மன் மொழியில், லைப்சிக் நகரத்து அகாடமி வெளியீடு ஒன்றில். அது கோர்மாக்குக்குத் தெரியவந்தது, அவர் அந்தக் கணக்கில் இறங்கி 14 வருஷம் கழித்து. கோர்மாக்குக்கும், சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்டுக்கும் 1979ல் மருத்துவ நோபல் கிடைத்தது என்பது வேறு. விடை ஒரு பீரோவில், கேள்வி இன்னொரு ஊரில். நடுவில் அரை நூற்றாண்டு.

நம் வீட்டுக் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. மேட்லேப் என்ற கணித மென்பொருளில் டோமோகிராபி செய்கிற எல்லோரும் 'ராம்-லாக்' வடிகட்டியைத் தொட்டிருப்பார்கள், எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது அதைத்தான். அது ஏதோ கணினி மெமரி சமாச்சாரம் என்று நானே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ராம் என்பது ஜி.என். ராமச்சந்திரன், லாக் என்பது அவரோடு சேர்ந்து எழுதிய லட்சுமிநாராயணன். 1952லிருந்து 1970 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து, கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்ன அதே ராமச்சந்திரன். 1971ல் இருவரும் எழுதிய கட்டுரை ஐந்தே பக்கம். ஃபூரியே உருமாற்றம் (அளவுகளை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) வழியாகச் சுற்றிப் போகாமல், அளவுகளை நேரடியாகவே ஒரு எண்வரிசையால் வடிகட்டி, பின்னோக்கிப் பரப்பினால் படம் வந்துவிடும் என்றார்கள். அந்தக் காலத்துக் கணினிக்கு அது பெரிய மிச்சம். லண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியை சி.டி. ஸ்கேன் எடுத்ததும் அதே வருஷ அக்டோபரில்தான். அந்த ஐந்து பக்கத்தை இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வாசிக்கலாம். பயன்பாட்டுக் கணித மாநாட்டில் அதை வரிவரியாக வாசித்து விளக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

வெளியீட்டுக் காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மாநாட்டு அழைப்பிதழில் "தேர்ந்தெடுத்த கட்டுரைகள் ஸ்கோபஸ் இதழில் வெளியாகும்" என்று (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் ஒரு பட்டியல்) போட்டு, பதிவுக் கட்டணம் தனி, வெளியீட்டுக் கட்டணம் தனி என்று வாங்குவது நின்றால் நல்லது. என் கட்டுரை அப்படித்தான் ஒரு இதழில் வந்தது. திருத்தம் கேட்டு ஒரு வரிகூட வரவில்லை, வங்கி விவரம் கேட்டு மூன்று மின்னஞ்சல் வந்தது. அந்த மாணவிக்குத் தோன்றிய கேள்வி மதிப்பீட்டாளர்கள் யாருக்கும் தோன்றவில்லை. மதிப்பீட்டாளர்கள் என்று யாராவது இருந்தார்களா என்பது தனிக் கேள்வி.

ஒரு காலத்தில் இதற்குச் சாக்கு இருந்தது, பேப்பர் இல்லாமல் பி.எச்.டி. கிடையாது என்றார்கள். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள், இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். இந்தத் துறையின் முதன்மை இதழ்கள் அரசுக் கல்லூரி மேசைக்கு வர வாய்ப்பு முன்பைவிட அதிகம். என்னைப் போல சுயநிதிக் கல்லூரியில் இருப்பவனுக்கு அந்தக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது, எனக்கு, கட்டுரைகளைக் காசில்லாமல் வாசிக்கத் தரும் ஆர்க்கைவ் தளம்தான் கதி. அதுவும் மோசம் இல்லை. கணிதக்காரர்கள் பெரும்பாலும் அங்கே ஒரு பிரதியைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆக, வாசிக்க வழி இருக்கிறது. செய்து பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

பின்லாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் ஒரு வால்நட்டை எக்ஸ்ரே கருவியில் சுற்றவைத்து அளந்தார்கள். ஒரே ஒரு வால்நட். 1,200 கோணங்களில் எடுத்து நல்ல படம் ஒன்று, 120 கோணம் மட்டும் உள்ள தரவு ஒன்று, கூடவே அந்த அணி, எல்லாவற்றையும் 2015ல் பொதுவில் போட்டுவிட்டார்கள். எப்படி அளந்தோம் என்று ஒரு சின்னக் குறிப்பு. அப்புறம் ஒரு தாமரைக்கிழங்கு, அதன் ஓட்டைகளில் வேறு வேறு பொருட்களைச் செருகி. 2022ல் போட்டியே வைத்தார்கள். பிளாஸ்டிக் வட்டில் ஓட்டைகள் போட்டு, முழுச் சுற்றும் காட்டாமல் 90 பாகையில் ஆரம்பித்து ஏழு படியாகக் குறைத்து, கடைசியில் வெறும் 30 பாகையிலிருந்து எடுத்த அளவை மட்டும் கொடுத்து, உள்ளே ஓட்டை எங்கே என்று சொல்லச் சொன்னார்கள். அந்தத் தரவில் பூட்டும் சாவியும் ஒரே பையில் இல்லை. தோற்றால் தோற்றது தெரியும்.

எங்கள் இளநிலை மாணவர் இருவரிடம் அந்த வால்நட்டைக் கொடுத்தேன். முதல் நாள் அணியை அப்படியே நேர்மாறாக்கப் பார்த்தார்கள். திரையில் வந்தது வால்நட் இல்லை, டிவி சிக்னல் போன மாதிரி பொரிபொரியாக ஏதோ. "சார், தரவு கெட்டுப் போச்சு" என்றான் ஒருவன். கெடவில்லை, அதுதான் நிஜம். மறுவாரம் திகோனவ் வழியில், அந்த நிபந்தனை எவ்வளவு கடுமை என்று சொல்லும் ஒரு எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தபோது, பொரிக்குள்ளிருந்து ஓட்டின் வளைவு மெல்ல எழுந்து, பிறகு உள்ளே மடிந்து கிடக்கும் பருப்பு. எண்ணை இன்னும் ஏற்றினால் எல்லாம் களி மாதிரி குழைந்துபோகிறது. எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். 8 நிமிஷ அமர்வில் அந்தச் சண்டைக்கு இடம் கிடையாது.

கருவி இல்லையே என்பீர்கள். கருவியே தேவைப்படாத ஒன்றையும் அவர்களே காட்டியிருக்கிறார்கள். 2021ல் எழுத்துகளை ஃபோகஸ் இல்லாமல் படம் எடுத்து, அதைத் தெளிவாக்கச் சொல்லிப் போட்டி வைத்தார்கள். தெளிவாக்கிய படத்தை எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்துப் படிக்கவைத்து, எத்தனை எழுத்து சரியோ அவ்வளவு மதிப்பெண். இதைத் தமிழில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் முயன்றேன். அச்சிட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஃபோகஸைக் கையால் பிசகவைத்து, படிப்படியாக மங்கலாக்கி எடுத்தேன். முதலில் காணாமல் போவது புள்ளி. 'பக்கம்' என்ற சொல் 'பககம' ஆகிறது. அடுத்து எ-வும் ஏ-வும் ஒன்றாகின்றன. ர-வும் துணைக்காலும் தெளிவான அச்சிலேயே குழப்பும், மங்கலில் கேட்கவே வேண்டாம்.

இதில் நிஜமான கணிதம் இருக்கிறது. இரைச்சலை நீக்க இப்போது பரவலாகப் பயன்படும் முறைகளில் ஒன்று, 1992ல் ருடின், ஓஷர், ஃபாத்தேமி மூவரும் சொன்னது. ஓரங்களைக் கூர்மையாக விட்டுவிட்டு, சின்னச் சின்னத் துணுக்குகளை அழித்துவிடும். ஆங்கில எழுத்துக்கு அது பெரிய தொல்லை இல்லை, ஐ, ஜே தலையில் புள்ளி போனாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளும். தமிழில் துணுக்கு என்பது மெய்யெழுத்தின் உயிர். தூசியை அழித்துப் புள்ளியை விட்டுவைக்கும் நிபந்தனை எப்படி இருக்க வேண்டும்? எழுத்துக்கு நேர் மேலே, இவ்வளவு உயரத்தில், இவ்வளவு அகலத்தில் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டுமா? இந்தக் கேள்வியை ஹெல்சின்கியில் யாரும் கேட்கப்போவதில்லை. பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் போடுகிறவர்களைக் கேளுங்கள், புள்ளி படுத்தும் பாட்டைச் சொல்வார்கள்.

நான் கேட்பது இதைத்தான். அடுத்த மாநாட்டில் பை, கேடயம், பொன்னாடை இவற்றில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு ஒரு தரவு உருவாக்குங்கள். இரண்டு போன், ஒரு முக்காலி, நூறு தாள் போதும், மங்கலான தமிழ் எழுத்து ஆயிரம் படம் ஒரே நாளில் எடுத்துவிடலாம். எடுத்தவர் பெயர், போன் வகை, தூரம், வெளிச்சம் எல்லாவற்றையும் எழுதி இணையத்தில் போடுங்கள். ரிசோர்ஸ் பர்சனிடம் ஸ்லைடு வேண்டாம், குறிப்பு கேளுங்கள், ஒரு வாரம் முன்னாலேயே. உரைகளைப் பதிவு செய்யுங்கள். பெங்களூரின் கோட்பாட்டு அறிவியல் மையம் ஐ.சி.டி.எஸ். தன் உரைகளை யூடியூபில் போடுகிறது, என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் திட்டம் நம் ஊர் ஐ.ஐ.டி.யிலிருந்தே பல வருஷமாகச் செய்கிறது, இதற்குப் புது வழி எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு 8 நிமிஷம் வேண்டாம், எட்டுப் பேருக்கு ஆளுக்கு அரை மணி கொடுங்கள், மீதிப் பேர் போஸ்டர் ஒட்டட்டும். என் முறை வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் அவருக்கும் சான்றிதழ் கொடுங்கள். சிறந்த கேள்விக்கு ஒரு பரிசு வையுங்கள், எம்.எஸ்சி. மாணவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் பெரிய ஆசை. கல்பாக்கத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பொருளை உடைக்காமல் உள்ளே சோதிக்கும் ஆய்வுக் குழுக்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. மருத்துவமனை ஸ்கேன் நமக்கு உதவாது, அது கட்டி முடித்த படத்தைத்தான் கொடுக்கும், நமக்கு வேண்டியது கட்டுவதற்கு முந்தைய மூல அளவு. அதனால் இப்படிப்பட்ட ஆய்வுக்கூடம் எதையாவது ஒரு கல்லூரி அணுகி, ஒரு நாள் கருவி நேரம் கேட்க வேண்டும். கடிதம் நான் எழுதித் தருகிறேன்.

வால்நட் அவர்களுடையதாக இருக்கட்டும், நமக்குத் தேங்காய். நார், ஓடு, பருப்பு, தண்ணீர் என்று நாலு விதமான அடர்த்தி, நடுவில் காற்று, மேலே மூன்று கண், அதில் ஒன்று மட்டும் மெலிசு. ஷெப்-லோகன் முட்டையைவிட நல்ல பரீட்சை. படத்தில் தெரிந்த பருப்பின் தடிமன் சரியா என்று பார்க்க, ஸ்கேன் முடிந்ததும் உடைத்து ஸ்கேலால் அளந்துகொள்ளலாம். மண்டையோட்டில் அது முடியாது. தேங்காயை நான் வாங்கிவருகிறேன், மட்டையை முழுக்க உரிக்காமல், குடுமியோடு. தண்ணீர் ஆடுகிறதா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை ஆட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்குவேன்.

இப்படிக்கு,
ஒரு சுயநிதிக் கல்லூரியின் கணித ஆசிரியர்